வாங்க மாப்ளே, உசிரு பொட்டலம் வந்தாச்சா?

டெப்போவுல அசோஸ்பைரில்லம் வாங்கினீங்கன்னு கேள்விப்பட்டேன், சந்தோஷம். பொட்டலத்தை மொட்டை வெயில்ல வண்டி சீட்டுல வெச்சிட்டு டீக்கடையில அரசியல் பேசினீங்களே, அதுதான் அழகு. உள்ள இருக்கறது பாக்டீரியா, உசிரு மாப்ளே, உப்பில்ல. நீங்க மந்திரிசபையை மாத்தி முடிக்கறதுக்குள்ள பாதிக்குக் கருமாதியே முடிஞ்சிருக்கும்.

பொழச்சதையும் யூரியாவோட கலந்து வீசினீங்களாமே! அவன் காத்துல இருக்கற தழைச்சத்தைப் புடிச்சு வேருக்குக் குடுக்கறவன். வயல்ல யூரியா கொட்டிக் கெடந்தா அவன் எதுக்கு மெனக்கெடணும்? மாமனார் வீட்டுல மூணு வேளையும் எலை போட்டா நீங்க வரப்பு ஏறுவீங்களா? தொழு உரத்தோட கலந்து போடுங்க. நாத்து வேரைக் கரைசல்ல கால் மணி நேரமாவது ஊற விட்டு நடுங்க. அவன் சுரக்கற சரக்குல பக்கவேரு மளமளன்னு விடும்.

காசு குடுத்த ஆளுக்கே இந்த மரியாதை. சேத்துல சும்மா குடியிருக்கற இன்னொரு பாக்டீரியாவை எங்க பாக்கப் போறீங்க? கால் பொதைஞ்சா அழுகின முட்டை நாத்தம் வருதே, அது அவன் வேலைதான். தண்ணி நின்னு காத்துப் போகாத சேத்துல சல்பேட்டை சல்பைடா மாத்தறான். அந்த சல்பைடு காட்மியம்ங்கற நச்சு உலோகத்தைப் புடிச்சு மண்ணோட கட்டிப்போடும். கதிர் வர்ற நேரத்துல வயலைக் காயவிட்டா காத்து பூந்து கட்டு அவுந்துடும். மண்ணுல காட்மியம் இருந்தா நெல்லுக்கு ஏறும். ஜப்பான்ல ஜின்சு ஆத்துப் பாசனத்துல சுரங்கக் கழிவு கலந்து, அந்த அரிசியைத் தின்னவங்க எலும்பு நொறுங்கிக் கதறினாங்க. காட்மியம்தான் காரணம்னு 1968-ல அரசாங்கமே ஒத்துக்கிச்சு.

உடனே மடையை அடைச்சிட்டுத் தூங்கிடாதீங்க. எந்நேரமும் தண்ணி நின்னா வேற கூட்டம் கெளம்பி இரும்புத் துருவைக் கரைக்கும். அதுல ஒட்டியிருக்கற ஆர்சனிக் விஷம் வேருக்கு வரும். பயிருக்கு வேணுங்கற சிங்க்கையும் சல்பைடு பூட்டி வெச்சிடும். எலையில துருப்புள்ளி கண்டதும் ஹெக்டேருக்கு 25 கிலோ சிங்க் சல்பேட் தேடி ஓடுவீங்க. காய்ச்சலும் பாய்ச்சலும்னு உங்க தாத்தா சொன்னதைக் கேட்டிருக்கலாம். என்ன, கதிர் வர்றப்ப மட்டும் காய்ச்சலைக் கொறைச்சுக்கணும்.

எதுக்கும் மண்ணு எடுத்து ஆடுதுறை மண் பரிசோதனை நிலையத்துக்குக் குடுத்தனுப்புங்க. வரப்போரமும் எருக்குழிப் பக்கமும் சொரண்டாதீங்க, நடு வயல்ல நாலஞ்சு எடத்துல குழி வெட்டி எடுங்க. மண்வள அட்டையில சிங்க் வரும், காட்மியம் வராது. அதை எங்க பாப்பாங்கன்னு தனியாக் கேட்டுட்டு வாங்க.