முகவர் தம்பிக்குச் சில நல்ல பழக்கங்கள்

பொகவந்தலாவையில் காப்புறுதி முகவராகப் புதிதாகச் சேர்ந்திருக்கும் தம்பி முதலில் பழக வேண்டியது விடியற்காலை எழுவது. பிரட்டுக்குப் போகும் சனத்தை மடக்கிப் பிடிக்க வேறு நேரம் கிடையாது. கழுத்தில் டை கட்டாயம். காலில் அட்டை ஏறினாலும் கை டைக்குத்தான் போக வேண்டும்.

அடுத்தது உறவைப் புதுப்பித்தல். வருடக்கணக்கில் பேசாத மாமாவுக்குத் திடீரென்று போன் எடுத்துச் சுகம் விசாரிப்பது உத்தமமான பழக்கம். கலியாண வீட்டில் மொய் எழுதும் மேசைக்குப் பக்கத்தில் உட்காருவது அதைவிட உத்தமம். மரண வீட்டில் பேசவே வேண்டாம். பெருமூச்சு விட்டு, படிவம் தெரிகிற மாதிரி பையைத் திறந்து வைத்தால் போதும்.

குளவி, மண்சரிவு, சிறுத்தை என்று லயத்துக்கு ஒன்றாக ஞாபகப்படுத்தத் தவறக்கூடாது. பயத்தை இலவசமாகக் கொடுத்து நிம்மதியைத் தவணையில் விற்பது எவ்வளவு பெரிய சமூக சேவை! வசூலை மட்டும் சம்பள நாளான 10ஆம் திகதி காலையிலேயே முடித்துவிட வேண்டும். மாலையானால் கடைக்காரர் முந்திவிடுவார்.

இப்படிப் பழகிய ஒரு தம்பியிடம் கொழுந்துக் கூடையோடு நின்ற அக்கா கேட்டாராம்: "2024 மே தினத்துல கொட்டகலையில 1700 ரூபா நாள் சம்பளம்னாங்க. செப்டெம்பர்ல கெசட்ல பார்த்தா 1350. இந்த மாதிரி நட்டத்துக்கு ஒங்ககிட்ட காப்புறுதி இருக்கா தம்பி?"

தம்பி பரீட்சை பாஸானவர். "நடக்குமா நடக்காதான்னு தெரியாததுக்குத்தான் அக்கா காப்புறுதி. நிச்சயமா நடக்கிறதுக்கு இல்ல" என்று சொல்லி, ஆயுள் காப்புறுதிப் படிவத்தை நீட்டினார்.