மேலுறைக் கொலை வழக்கு: ஒரு முதற்பதிப்பு ஆய்வு

1. சம்பவம்

கோனன் டாயிலின் ‘தி ஹவுண்ட் ஆஃப் தி பாஸ்கர்வில்ஸ்’ 1902-இல் லண்டனில் நூலாக வந்தது. விலை 6 ஷில்லிங். அதன் சிவப்புத் துணிக் கட்டும் சிட்னி பேஜட்டின் ஓவியங்களும் இன்றும் ஏலத்துக்கு வருகின்றன. மேலே சுற்றியிருந்த காகித உறையைத்தான் காணோம்; விரல்விட்டு எண்ணும் அளவுக்கே எஞ்சியிருக்கிறது. நூலுக்குள் நடந்ததை ஷெர்லக் ஹோம்ஸ் கவனித்துக்கொண்டார். நூலுக்கு வெளியே நடந்ததை இவ்வாய்வு விசாரிக்கிறது.

2. தடயவியல்

சேகரிப்பாளர் நூலைப் படிப்பதில்லை, துருவுகிறார். மேற்படி நூல் முதல் அச்சு என்றால், 13-ஆம் பக்கம் 3-ஆம் வரியில் ‘யுவர்’ என்பது ‘யூ’ என்று அச்சாகியிருக்க வேண்டும். பிழை இருந்தால் மகிழ்ச்சி, திருத்தப்பட்டிருந்தால் துக்கம். மெய்ப்புப் பார்த்தவரின் தூக்கக் கலக்கத்துக்கு உலகில் வேறெங்கும் இவ்வளவு மரியாதை கிடையாது.

3. சந்தேக நபர்கள்

(அ) நூலகர்: உறையைக் கழற்றி எறிந்தார், நூலில் முத்திரை குத்தினார். இரட்டைக் குற்றம்.

(ஆ) பரிசளித்தவர்: விலை தெரியக் கூடாதென்று உறையின் மூலையைக் கத்தரித்தார். இது கொலையில் சேராது, கொடுங்காயம்.

(இ) வாசகர்: கடையிலிருந்து வீடு வரை தூசு படாமலிருக்கத்தானே உறை என்று வீட்டுக்கு வந்ததும் கிழித்துப் போட்டார். பிறகு நூலைப் படிக்கவும் செய்தார்.

4. முன்வழக்கு

ஹோம்ஸ் முதன்முதலில் தோன்றிய ‘எ ஸ்டடி இன் ஸ்கார்லெட்’, ‘பீட்டன்ஸ் கிறிஸ்மஸ் ஆனுவல்’ 1887 இதழில் வெளியானது. இதழின் விலை 1 ஷில்லிங். முழு உரிமைக்கும் டாயிலுக்குக் கிடைத்தது 25 பவுண்டு. மெல்லிய காகித அட்டை. வாங்கியவர்கள் படித்தார்கள், போட்டுவிட்டார்கள். தப்பிய பிரதிகளில் ஒன்று 2007-இல் நியூயார்க் சோதபீஸ் ஏலத்தில் 1,56,000 டாலருக்குப் போனது.

5. தீர்ப்பு

சாட்சியங்கள் அனைத்தும் (இ) பக்கமே விரல் நீட்டுகின்றன. ஆயினும் சாவினால் ஆதாயம் யாருக்கு என்று கேட்பதே துப்பறியும் மரபு. வாசகருக்குக் காலணாகூடக் கிடைக்கவில்லை. அன்று எல்லோரும் உறையைப் பத்திரமாக வைத்திருந்தால் இன்று அதைச் சீந்த ஆளிருக்காது. லாபம் முழுவதும் சேகரிப்பாளருக்கே. அவரைக் கூண்டில் ஏற்றலாமென்றால், சம்பவத்தன்று அவர் பிறக்கவே இல்லை என்று பிறப்புச் சான்றிதழை நீட்டுகிறார். வழக்கு தள்ளுபடி. அடுத்த ஏலத்தில் அவர் கை தூக்குவதைத் தடுக்கச் சட்டத்தில் இடமில்லை.