கர்மட்ஜன் அங்கிள்

வாசலை அடைத்து பைக்கை நிறுத்தியிருக்கிறாயே என்று கேட்டதற்கு, நேற்றுக் காலை மாடி வீட்டுப் பையன் என்னை ‘கர்மட்ஜன்’ என்றான். ஜிஎஸ்டி ரோட்டு இரைச்சலில் என் காதில் ‘கர்மம்’ வரைக்கும்தான் விழுந்தது. இரும்புலியூரில் அவ்வளவு கேட்டாலே அதிகம்.

“திட்டல அங்கிள். கேரக்டர் வேர்ட்ஸ், தினம் பத்து படிக்கிறேன். இன்னிக்கு நீங்க மாட்டினீங்க.”

எந்தப் புத்தகம் என்று கேட்பானேன்? 1949-இல் நார்மன் லூயிஸ் எழுதிய ‘வேர்ட் பவர் மேட் ஈஸி’ இல்லாத பரண் ஏது? ஈகோயிஸ்ட், இன்ட்ரோவர்ட் என்று ஆட்களின் குணத்தில் ஆரம்பிக்கும், அடுத்து டாக்டர்கள். நான் மூன்று தடவை தொடங்கி, மூன்று தடவையும் டாக்டர் வாசலோடு திரும்பியவன். ஆகவே என் இங்கிலீஷில் ஆளைத் திட்டலாம், பல்வலியைச் சொல்ல முடியாது.

1936-இல் ஆல்போர்ட், ஓட்பெர்ட் என்ற இரு உளவியலாளர்கள் இங்கிலீஷ் அகராதியைச் சலித்து, மனித குணம் சொல்லும் வார்த்தைகளைத் திரட்டினார்கள். ஏறக்குறைய 18,000. இருக்கட்டும். வாய் திறக்காத ஆளை அந்தப் பையன் என்னவென்று சொல்வான்? இன்ட்ரோவர்ட். தீர்ந்தது. நம்மிடம் அப்படியா? உம்மணாமூஞ்சி பேசமாட்டான், மூஞ்சி பேசிவிடும். அமுக்கன் பேசமாட்டான், கல்யாணப் பத்திரிகை வந்த பிறகுதான் பெண் பார்த்ததே நமக்குத் தெரியும். ஊமைக்கோட்டான் மூலையில் உட்கார்ந்து முழிப்பான், அவ்வளவுதான். கல்லுளிமங்கன் தனி ஜாதி. எங்கள் குடியிருப்பின் கணக்கு அவரிடம். “மோட்டார் ரிப்பேர் என்ன சார் ஆச்சு?” சிரிப்பார். “ரசீது?” மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். “எவ்வளவுதான் சார்?” மாட்டிக்கொள்வார். “சார்!” மறுபடி கழற்றுவார். ஆறு மாதமாகத் துடைத்ததில் கண்ணாடி தேய்ந்திருக்கும், வாய் திறக்கவில்லை. கடைசியில் பிளம்பர்தான் சொன்னார்: அதுவும் ஏறக்குறைய 18,000.

இந்த மனுஷரை இன்ட்ரோவர்ட் என்றால் வயிறு எரியாதா?

என் பெண்டாட்டிக்கு எரியவில்லை. “இருபது வருஷமா முசுடுன்னு நான் சொல்றப்போ வராத ரோஷம், இங்கிலீஷ்ல சொன்னா மட்டும் வருதோ?” என்றாள்.

நான் சொல்ல வந்தது அந்த பைக்கைப் பற்றி. இன்னும் அங்கேயேதான் நிற்கிறது.