களத்துமேட்டில் ஒரு கப்பல்

ஹனூர்க்காரர்கள் மங்களூர்க் கடலைப் பார்க்க ஆசைப்பட்டால் 300 கிலோமீட்டருக்கு மேல் போக வேண்டும். அதே தூரத்தை எதிர்த்திசையில் லாரியில் கடந்து வந்த ஒரு பழைய கேபின் க்ரூஸர், ஊருக்கு வெளியே பட்டுப்புழு வளர்க்கும் ஒரு வீட்டின் களத்தில், கான்கிரீட் கட்டைகள்மேல் உட்கார்ந்திருக்கிறது. நீளம் 26 அடி. உள்ளே இரண்டு படுக்கை, ஓர் அடுப்பு மேடை, நிமிர்ந்தால் தலை இடிக்கும் கழிப்பறை. துபாயிலிருந்து திரும்பிய மருமகன் வாங்கியது. ஹனூர் இருக்கும் இந்தக் கொள்ளேகால் சீமை 1956 வரை கோயமுத்தூர் ஜில்லா, பிறகு மைசூர், 1997 முதல் சாமராஜநகர். ஜில்லா எத்தனை மாறினாலும் இந்த வீட்டுத் திண்ணையில் பேச்சு தமிழ்தான். சொந்த அத்தையே மாமியாராகவும் வாய்த்துவிட்டதால், மரியாதை கோபத்துக்குத் தக்கபடி ஏறி இறங்கும்.

அத்தை: ஏனுங்க மாப்ளே, இது ராகி அடிக்கிற களம். இந்த வருஷத்து ராகியை எங்க கொட்டறதுன்னு அந்தக் கப்பலைக் கொஞ்சம் கேட்டுச் சொல்றீங்களா?

மாப்பிள்ளை: கப்பல் இல்லீங்க அத்தை, க்ரூஸர். கப்பல்னா ரொம்பப் பெருசு.

அத்தை: எங்க களத்துக்கு இதே பெருசாத்தான் இருக்குதுங்க.

மாப்பிள்ளை: நாலே மாசம் பொறுத்துக்கோங்க. துபாய் மரீனாவுல பார்ப்பேன், லீவு நாளானா அப்பன், ஆத்தா, புள்ளைங்க எல்லாரும் ஒண்ணா நின்னு படகுக்குப் பெயின்ட் அடிப்பாங்க. பார்க்கவே நிறைவா இருக்கும். நம்ம வீட்டுல ஆளுக்கொரு போனைப் பிடிச்சுக்கிட்டு மூலைக்கு ஒருத்தரா உட்கார்ந்திருக்கோம். குடும்பமே சேர்ந்து ஒரு வேலை செஞ்சா பாசம் வளரும்.

அத்தை: வளர்ந்ததைத்தான் நேத்துப் பார்த்தேனே. பெரியவன் தலையிலிருந்து கால்வரைக்கும் வெள்ளை மாவு. ராத்திரி பூரா சொறிஞ்சுக்கிட்டே கிடந்தான்.

மாப்பிள்ளை: ஃபைபர் தூசிங்க. முகமூடி போட்டு, முழுக்கைச் சட்டை போட்டுக்கச் சொன்னேன், கேக்கல.

அத்தை: என் மக கேட்டாளே. முகமூடி போட்டு, முழுக்கை போட்டு, நீங்க குடுத்த உப்புத்தாளை வெச்சுத் தேய் தேய்னு தேய்ச்சா. போன வாரம் ரேஷன் கடையில விரலை வெச்சா மெஷின் ஏத்துக்கல. ரேகையே இல்லையாம். மூணு தடவை வெச்சுப் பார்த்துட்டு, அடுத்த மாசம் வாங்கம்மான்னு அனுப்பிட்டாங்க.

மாப்பிள்ளை: அது கொஞ்ச நாள்ல திரும்ப வந்துடுங்க.

அத்தை: ரேகை வரும். அரிசி வருமா? நூறு நாள் வேலைக்குப் போனப்பக்கூட நிழலுக்குப் பந்தலும் குடிக்கத் தண்ணியும் குடுத்தாங்க. கூலியும் குடுத்தாங்க. அது கெடக்கட்டும், எல்லாரும் தேய்க்கிறாங்களே, நீங்க என்ன செய்யறீங்க?

மாப்பிள்ளை: நான் வேலையைப் பிரிச்சுக் குடுக்கிறேன். அப்புறம், வீடியோ எடுக்கிறேன்.

(வீடியோ எடுப்பதும் வேலைதான் என்று வாதிக்க இந்தக் காலத்தில் ஆள் குறைவில்லை. அத்தை வீட்டில் குறைவு.)

அத்தை: சரிங்க. அந்தக் கப்பலோட வயித்துல கொப்புளம் கொப்புளமா இருக்குதே, அம்மை கிம்மை போட்டிருக்குதா?

மாப்பிள்ளை: நல்லாக் கேட்டீங்க. மேல பளபளன்னு இருக்கிறது ஜெல்கோட். வருஷக்கணக்கா தண்ணியிலேயே கிடந்தா கொஞ்சம் கொஞ்சமா ஈரம் உள்ள இறங்கி, பிசினோட சேர்ந்து புளிச்சு, வெளிய வர வழியில்லாம மேல்தோலைத் தூக்கிடும்.

(அத்தை இடுப்பிலிருந்து கோணி ஊசியை எடுத்து ஒரு கொப்புளத்தைக் குத்துகிறார். பழுப்பாகப் பிசுபிசுவென்று ஒரு சொட்டு இறங்குகிறது. முகர்ந்து பார்க்கிறார்.)

அத்தை: காடி வாடை அடிக்குது. வைத்தியம்?

மாப்பிள்ளை: கொப்புளத்தை எல்லாம் அரைச்சு எடுத்து, நல்ல தண்ணியில அலசி அலசி, மாசக்கணக்கா காயவிட்டு, அப்புறம் எபாக்ஸி பூசணும். காயறதுதான் முக்கியம். நம்ம ஊரு வெயில் மாதிரி அமையுமா? படகு ரிப்பேருக்குத் தண்ணி இல்லாத ஊருதான் தோதுங்க!

அத்தை: அப்படிப் பார்த்தா ஹனூர் பெரிய துறைமுகமா வந்திருக்கணுமே.

(களி கிண்டும் துடுப்பால் படகின் பக்கவாட்டில் தட்டிக்கொண்டே நடக்கிறார். டக், டக், டக். பின்பக்கம் வந்ததும் தொப்.)

அத்தை: ஒரு மண்பானை வாங்கினாக்கூடத் தட்டிப் பார்த்துத்தான் வாங்கறோம். இதைத் தட்டாமயே வாங்கினீங்களா?

மாப்பிள்ளை: ஃபைபருக்கு நடுவுல மரப்பலகை இருக்கும். திருகாணி ஓட்டை வழியா தண்ணி இறங்கி அந்த இடத்துல மக்கியிருக்கு.

அத்தை: அங்கதானே எஞ்சின் தொங்குது?

மாப்பிள்ளை: ஆமாங்க. பின்பலகையை அறுத்து எடுத்து, புது ப்ளைவுட் வெச்சு, பிசின் ஊத்தி நார்ப்பாய் ஒட்டிட்டா இரும்பு மாதிரி நிக்கும்.

அத்தை: பிசின்னு சொன்னதும் ஞாபகம் வருது. செவ்வாக்கிழமை நீ ஒரு டப்பாவைத் திறந்து ஹார்டனரோ என்னமோ கலக்குனே பாரு. காத்து நேரா புழு மனைக்கு அடிச்சுது. நாலாவது தோலு உரிச்சு எந்திரிச்ச புழு. ஆயுசுக்கும் தின்கிற இலையில முக்காவாசிக்கு மேல இந்தக் கடைசி ஒரு வாரத்துலதான் தின்னும். மழை பெய்யற மாதிரி சத்தம் கேக்கும். அன்னிக்கு சத்தமே இல்ல. அத்தனையும் தலையைத் தூக்கிக்கிட்டு நின்னுச்சுங்க. நீ போட்ட வீடியோவுக்கு ஆயிரம் பேரு கைதட்டியிருப்பான். கூடு கட்டலைன்னா ராமநகரம் மார்க்கெட்டுல நான் எதை எடை போடுவேன்?

மாப்பிள்ளை: இனிமே காத்துத் திசை பார்த்துக் கலக்கறேன் அத்தை.

அத்தை: முதல்ல புழு மனை எந்தத் திசைன்னு பாரு.

மாப்பிள்ளை: நீங்க இப்படிப் பேசினா எப்படி? கேரளாவுல பாருங்க. நெல்லு மூட்டை ஏத்தின பழைய கெட்டுவள்ளம். ரோடும் லாரியும் வந்ததும் மூலையில கிடந்துச்சு. 1990கள்ல அதையே செப்பனிட்டு, மேல மூங்கில் கூரை போட்டு ஹவுஸ்போட் ஆக்கினாங்க. ஆணி அடிக்காம ஆஞ்சிலிப் பலகையைக் கயித்தால தைச்சு, முந்திரித்தோட்டு எண்ணெய் பூசினது. இன்னிக்கு ஆலப்புழையில அதுதான் பிழைப்பு.

அத்தை: ஆலப்புழையில வாசப்படி இறங்கினா தண்ணி. இங்க வாசப்படி இறங்கினா போர்வெல். அதுவும் எட்டாவது பைப்புக்கு அப்புறம்.

மாப்பிள்ளை: சரி, தமிழன் கதையே சொல்றேன். யாழ்ப்பாணத்து வல்வெட்டித்துறையில 1930 வாக்குல வேப்பமரத்துல ஒரு பாய்க்கப்பல் கட்டினாங்க. அன்னபூரணி அம்மாள்னு பேரு. ஏற்கெனவே சின்னப் படகுல உலகம் சுத்தின ராபின்சன்னு ஒரு அமெரிக்கக்காரன் அதைப் பார்த்து மயங்கி வாங்கினான். வாங்கி, செப்பனிட்டு, பொண்டாட்டி பேரையே வெச்சான், ஃப்ளாரன்ஸ் சி. ராபின்சன்னு. 1938ல அது அமெரிக்காவுல க்ளாஸ்டர் துறைமுகத்துல போய் நின்னுச்சு!

அத்தை: ஓட்டிக்கிட்டுப் போனது அந்த ராபின்சனா?

மாப்பிள்ளை: இல்ல… கப்பல்ல போனது யாழ்ப்பாணத்து மாலுமிங்க.

அத்தை: ஆக, கட்டினவன் நம்மாளு, கப்பல்ல போனவன் நம்மாளு, இருந்த பேரை அழிச்சுட்டு வெச்சது அவன் வூட்டுப் பேரு. இங்கயும் அதேதானே நடக்குது? தேய்க்கிறது என் மக, அரிக்குது என் பேரனுக்கு, கப்பல்காரர்ங்கற பட்டம் உனக்கு.

மாப்பிள்ளை: உண்மையைச் சொல்லட்டா? உங்க பேரைத்தான் எழுதலாம்னு இருக்கேன்.

அத்தை: காடி வாடை அடிக்கிற சாமானுக்கு என் பேரா? நல்லா இருக்குதுடா உன் மரியாதை.

(‘நீங்க’ ‘நீ’யாகி நெடுநேரமாகிறது. இப்போது ‘டா’வும் வந்துவிட்டது. மாப்பிள்ளை ஒரு கட்டியை எடுத்துக் காட்டிப் பேச்சை மாற்றுகிறார்.)

மாப்பிள்ளை: இதைப் பாருங்க. கடல் தண்ணிக்கு இந்தத் துத்தநாகக் கட்டியைப் படகுக்கு அடியில மாட்டியிருந்தாங்க. ஆத்துத் தண்ணிக்கு இது ஆகாது, மக்னீசியம் மாத்தணும். எஞ்சினோட உலோகத்தைத் தண்ணி அரிக்காம இருக்க, அதுக்குப் பதிலா இது கரையும். கரையறதுக்குன்னே மாட்டறது.

அத்தை: அடுத்தவனுக்குப் பதிலாக் கரையறதுக்கு ஒரு ஆளு. அதுக்குத்தான் என் மகளைக் கட்டிக்கிட்டியா?

மாப்பிள்ளை: அத்தை!

அத்தை: உங்க மாமன் இருந்தப்ப ஒகேனக்கல்லுக்குப் பரிசல் முடைஞ்சவரு. மூங்கிலைச் சிம்பாப் பொளந்து, நடுவுல நட்சத்திரமாக் குறுக்குப் பின்னிட்டு, சுத்திச் சுத்தி வட்டத்தை ஏத்திக்கிட்டே போவாரு. விளிம்பை இழுத்துக் கட்டி, சாக்கைத் தைச்சு, தாரைக் காய்ச்சிப் பூசினா முடிஞ்சுது. அவங்கப்பன் காலத்துல தோலு போர்த்துவாங்களாம். ஓட்டை விழுந்தா ஒரு உருண்டை தாரு. கரை ஏறினா தலைமேல கவுத்துக்கிட்டு ஆமை மாதிரி வீட்டுக்கு வந்துடுவாரு. ஒரு சாண் தண்ணி போதும் அதுக்கு. உன் சாமானுக்கு எவ்வளவு வேணும்?

மாப்பிள்ளை: ஆளோட, எஞ்சினை இறக்கினா மூணடி. ஆனா பரிசல்ல கேபின் உண்டா? சமையல் உண்டா? கக்கூஸ் உண்டா?

அத்தை: இல்லாததாலதான் ஆறு சுத்தமா இருந்துச்சு. சரி, எங்க விடப்போறே?

மாப்பிள்ளை: குண்டல் அணை யோசிச்சேன். சின்னது. காவேரிதான் சரி. மாதேஸ்வரன் மலை தாண்டி பாலாறு இறங்கினா மேட்டூர் அணையோட நீர்ப்பரப்பு. கடல் மாதிரி!

அத்தை: 120 அடி நிறைஞ்சா கடலு. இறங்கினா? பண்ணவாடியில முங்கிக் கெடந்த நந்தி தலையைத் தூக்கும், பழைய மாதா கோயில் கோபுரம் வெளிய வரும். மூணடிக் கப்பலை நந்தி முதுகுல ஏத்திவிட்டுட்டு, மழை வர்றவரைக்கும் அங்கயே குடும்பம் நடத்துவியா?

மாப்பிள்ளை: ஆடிமாசம் தண்ணி வந்ததும் விடுவோம்.

அத்தை: அப்ப வெள்ளம்னு பரிசலையே நிறுத்திடுவாங்க. இந்தக் கரையில காவேரி வன உயிர்ச் சரணாலயம், ஃபாரஸ்ட்காரன் உண்டு. எஞ்சின் வெச்ச படகுன்னா பதிவு, சோதனைன்னு 2021லயே சட்டம் வந்திருக்குதுன்னு நம்ம பஞ்சாயத்துல சொன்னாங்க. எந்த ராஜ்யத்துல பதிவு பண்ணுவே? ஆத்துக்கு இந்தக் கரை கர்நாடகம், அந்தக் கரை தமிழ்நாடு. 1892ல ஒரு ஒப்பந்தம், 1924ல ஒண்ணு, 1990ல நடுவர் மன்றம், 2018ல சுப்ரீம் கோர்ட்டு. இன்னும் தண்ணிக்குத் தகராறு ஓயலை. 1991 டிசம்பர் கலவரத்துல இந்தத் தண்ணிப் பேச்சுக்காகவே விளக்கை அணைச்சுட்டுக் கதவைச் சாத்திக்கிட்டு உட்கார்ந்திருந்தவங்க நாங்க. நீ நட்டாத்துல நங்கூரம் போட்டுட்டு காப்பி குடிக்கப்போறே.

மாப்பிள்ளை: அதெல்லாம் அனுமதி வாங்கிக்கலாம். செலவுதான் கொஞ்சம்.

அத்தை: பெட்ரோல் எவ்வளவு குடிக்கும்?

மாப்பிள்ளை: (மெதுவாக) வேகமாப் போனா மணிக்கு அம்பது லிட்டர்.

அத்தை: அம்பது லிட்டர் இருந்தா பின்னாடி என்னை உட்கார வெச்சு ஸ்கூட்டியிலயே காசிக்குப் போயிடலாமேடா. புண்ணியமாவது சேரும்.

மாப்பிள்ளை: சரி, அதெல்லாம் அப்புறம். இப்ப ஒரே ஒரு உதவி. எஞ்சினை ஒரு தடவை ஓட்டிப் பார்க்கணும். ஸ்டார்ட் பண்றதுக்கு முன்னால நாலு நிமிஷம் உள்ள இருக்கிற காத்தாடியைச் சுத்த விடணும். பெட்ரோல் ஆவி காத்தைவிடக் கனம், படகு அடியில போய்ப் படுத்துக்கும். அது கலையாம ஒரு பொறி பட்டா வெடிச்சுடும்.

அத்தை: வைக்கோல்போருக்குப் பக்கத்துலயா?

மாப்பிள்ளை: போரைத்தான் கொஞ்சம் தள்ளிப் போட்டுக்கலாம்னு…

அத்தை: போரைத் தள்ளணும், ராகியைத் தள்ளணும், புழு மனையைத் தள்ளணும். உன் கப்பல் மட்டும் நகராது.

மாப்பிள்ளை: இன்னொண்ணு. ஓடற எஞ்சினுக்கு விடாம தண்ணி குடுக்கணும். இல்லைன்னா உள்ளிருக்கிற ரப்பர் சக்கரம் ரெண்டு நிமிஷத்துல கருகிடும். உங்க போர்வெல்லுல ஹோஸ் மாட்டி ஒரு அரைமணி நேரம் விட்டீங்கன்னா…

அத்தை: மூணு பேஸ் கரண்டு ராத்திரிதான் வருது. எப்ப வரும்னு அந்த மாதேஸ்வர சாமிக்கே தெரியாது. வந்ததும் முதல்ல மல்பெரிக்குப் பாயணும், அப்புறம் மாட்டுத் தொட்டி, அப்புறம் வீட்டுத் தொட்டி. அதுக்கு மேலயும் மோட்டார் இழுத்தா உன் கப்பலுக்கு. எந்திரிச்சு வந்து பிடிச்சுக்கணும், என் மகளை எழுப்பக்கூடாது. ஹோஸு உன்னதா?

மாப்பிள்ளை: இல்லீங்க, உங்க தோட்டத்து ஹோஸு நீளமா இருக்குதுன்னு…

அத்தை: அதுல ஓட்டை இருக்குது. போய்த் தார் காய்ச்சிட்டு வா.