பலகை புராணம்

2001 நவம்பர். லாஸ் வேகாஸ் என்னும் சூதாட்ட க்ஷேத்திரத்தில் காம்டெக்ஸ் கம்ப்யூட்டர் திருவிழா. மேடையேறிய பில் கேட்ஸ் மகாராஜா ஒரு பலகையைத் தூக்கிக் காட்டி, இன்னும் ஐந்தே வருஷத்தில் அமெரிக்காவில் அதிகம் விற்கப்போகும் கம்ப்யூட்டர் வகை இதுதான் என்று அருள்வாக்கு சொன்னார். சபையோர் கைதட்டினார்கள். பிறகு கடைக்குப் போய் வழக்கமான லேப்டாப்பையே வாங்கினார்கள்.

எல்லாம் விலைச்சீட்டு செய்த வேலை. மறுவருஷம் வந்த காம்பாக் டிசி1000 டேப்லட் 1,699 டாலர். இன்னும் சில இரண்டாயிரத்தைத் தாண்டின. உள்ளே ஓடியது (ஓடியது என்று ஒரு மரியாதைக்குச் சொல்கிறேன்) டிரான்ஸ்மெட்டா சிப். கீபோர்டு தனியே கழன்று வந்தது. கூடவே விலையும் கழன்று வர வேண்டாமா என்று கேட்டார்கள் ஜனங்கள்.

நியாயமான கேள்வி, தப்பான கணக்கு. லேப்டாப் குடும்பத்தில் கீபோர்டுதான் ஏழைச் சொந்தக்காரர். அவரை வெளியேற்றி மிச்சம் பிடிப்பது, பந்தியில் ஊறுகாயை நிறுத்திக் கல்யாணச் செலவைக் குறைத்த கதை. அவர் போன இடத்துக்கு வந்து சேர்ந்தவர்களோ பெரிய இடத்துப் பிள்ளைகள்: திரைக்கு அடியில் பேனாவின் அசைவை உணரும் தகடு, அந்தப் பேனா, கீறல் விழாத கண்ணாடி, கையைச் சுடாத சிப், விண்டோஸில் இதற்கென்றே ஒரு தனிப் பதிப்பு. வாங்கியவர்களோ கொஞ்சம் பேர். மொத்தச் செலவும் அவர்கள் தலையில்தான் விடிந்தது.

2007-ல் தைவானிலிருந்து ஆஸுஸ் எதிர்த்திசையில் கிளம்பியது. ஈ பிசி என்று ஒரு குட்டி லேப்டாப். ஏழு அங்குலத் திரை, 4 ஜிபி சேமிப்பு, காசு கேட்காத லினக்ஸ். 900 மெகாஹெர்ட்ஸ் செலரானை வாங்கி, அதையும் 630-க்கு அடக்கி வைத்தார்கள். விலை 399 டாலர். இன்னும் இளைத்த தம்பி 299. கட்டைவிரலைத் தவிர மற்ற விரல்களுக்கு அதில் இடமில்லை என்றாலும் ஜனங்கள் அள்ளினார்கள்.

மைக்ரோசாஃப்ட் அரண்மனையில் கலவரம். புது இளவரசர் விண்டோஸ் விஸ்டாவின் உடம்புக்கு அந்தக் குட்டி நாற்காலி தாங்காது. ஓய்வுபெறவிருந்த எக்ஸ்பி கிழவரைப் பிடித்துவந்து, நெட்புக் என்று பெயர் பெற்ற இந்தக் குட்டி லேப்டாப்புகளுக்கு மட்டும் சல்லிசாகக் கொடுத்தார்கள். நிபந்தனை உண்டு: 2008-ல் போட்ட முதல் சட்டப்படி திரை 10.2 அங்குலத்தைத் தாண்டக் கூடாது, ரேம் 1 ஜிபிக்கு மேல் கூடாது, டச் ஸ்கிரீன் கூடவே கூடாது. அதாவது மலிவாக இருக்கலாம், வளரத்தான் கூடாது. அடுத்து வந்த விண்டோஸ் 7 ஸ்டார்ட்டரில் வால்பேப்பரைக்கூட மாற்ற முடியாது. ஏழைக்குச் சுவரில் படம் எதற்கு?

அதே 2008-ல் மைக்கேல் ஆரிங்டன் என்ற பத்திரிகைக்கார முனிவர், கீபோர்டு இல்லாத பலகையை 200 டாலருக்கு வரவழைப்பேன் என்று யாகம் வளர்த்தார். பாகஸ்தர்களோடு சண்டை வந்தது. முனிவரைக் கழற்றிவிட்டு, 2009 டிசம்பரில் ஜூஜூ என்ற பெயரில் அந்தப் பலகையை அறிவித்தார்கள். விலை 499.

2010 ஜனவரி 27. சான் பிரான்சிஸ்கோ மேடையில் ஸ்டீவ் ஜாப்ஸ், நெட்புக் எதிலுமே உருப்படி இல்லை என்று திட்டிவிட்டு ஐபேடை எடுத்தார். முதுகுக்குப் பின்னால் திரையில் 999 என்று எழுதிக் கொஞ்ச நேரம் சபையோர் வயிற்றில் புளியைக் கரைத்துவிட்டு, பிறகு அதன்மேல் 499-ஐ விழவைத்தார். எதிரே முந்நூறு டாலர் நெட்புக் நிற்பதை அத்தனை பேரும் மறந்தார்கள். இருநூறு அதிகம் கொடுப்பது ஐந்நூறு லாபமாகத் தெரிந்தது. நெட்புக்கில் 160 ஜிபி ஹார்டு டிஸ்க், ஐபேடில் 16 ஜிபி. பணம் போன இடம் வேறு: பக்கவாட்டில் பார்த்தாலும் நிறம் மாறாத 9.7 அங்குல ஐபிஎஸ் திரை, அதன் மேல் தொடுகண்ணாடி, அதற்கும் மேல் ஆப்பிளின் லாபம். விற்பனையின் முதல் நாளே மூன்று லட்சம் போனது.

பார்த்துச் சூடு போட்டுக்கொண்டவர்களும் உண்டு. 2011-ல் மோட்டோரோலாவின் ஜூம் பலகை 799 டாலர். எச்பியின் டச்பேட் 499-க்கு வந்து, ஏழு வாரத்தில் கைவிடப்பட்டு, 99 டாலருக்கு இறங்கியதும்தான் கூட்டம் அலைமோதியது. அந்த விலையில் ஒவ்வொன்றும் எச்பிக்கு நஷ்டம்.

2013 பிறந்தபோது ஆஸுஸும் ஏசரும் நெட்புக் கடையைக் கட்டியிருந்தன. 2020-ல் ஐபேட் ப்ரோவுக்கு ஆப்பிள் ஒரு மேஜிக் கீபோர்டு விட்டது. அதில் சின்னது 299 டாலர். கீபோர்டு மட்டும், பலகைக்குத் தனியாகக் கொடுக்க வேண்டும்.