எரிந்த ஊரில் ஒரு கொலை எழுதுவது எப்படி?

சரித்திர மர்ம நாவல் எழுதுவதென்று முடிவாகிவிட்டது. சோழர்களை எல்லோரும் எழுதித் தீர்த்துவிட்டதால் லண்டனுக்குப் போகிறீர்கள்: 1666 செப்டம்பர், நான்கு நாள் நெருப்பு அடங்கிய மறுவாரம். நல்ல தேர்வு. கொலைகாரனுக்கு இவ்வளவு சௌகரியமான ஊர் லேசில் அமையாது. 13,200 வீடுகளும் 87 தேவாலயங்களும் எரிந்தன. ஆனால் பதிவான சாவுகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். பிணம் ஒன்று கூடினாலும் கேட்க நாதியில்லை.

பிணத்தை எங்கே போடுவது என்பதுதான் முதல் கவலை. கைப்பழக்கத்தில் தேம்ஸ் நதியில் தள்ளிவிடாதீர்கள். வீட்டுச் சாமான் ஏற்றிய படகுகளால் நதி அடைத்துக் கிடந்த நேரம் அது, பிணம் மிதக்கவே இடமிருக்காது. நிலவறைதான் சரி. வீடுகள் போனாலும் நிலவறைகள் தங்கின. சிலவற்றில் ஆறு மாதம் கழித்து, 1667 மார்ச்சிலும் புகை வந்துகொண்டிருந்தது. இதில் உங்கள் கற்பனைக்குப் பெரிய வேலையும் இல்லை. இடிபாடுகளில் இருட்டிய பிறகு தனியே நடப்பவனிடம் "வெளிச்சம் வேண்டுமா?" என்று பந்தத்தோடு வந்து, நிலவறைக்குள் இழுத்து, அடித்து, துணிவரை உருவிக்கொண்டு, பந்தத்தை ஊதி அணைத்துவிட்டுப் போகிறார்கள் என்று அக்காலக் கடிதம் ஒன்று புலம்புகிறது. முதல் அத்தியாயம் கையில் வந்துவிட்டது.

செயின்ட் பால் பேராலயத்தை மட்டும் விட்டுவிடுங்கள். அங்கே ஏற்கெனவே கூட்டம். நெருப்பில் தரை இடிந்ததில், 1404இல் இறந்த பிரேபுரூக் என்ற பிஷப் கல்லறையோடு கீழே விழுந்து, சதை ஒட்டியபடியே வெளிப்பட்டார். ஊரே வந்து வேடிக்கை பார்த்தது. 262 வருஷப் பழைய பிணத்தோடு உங்கள் புதுப் பிணம் போட்டி போட முடியாது.

வேடிக்கை பார்த்தவர்களில் ஒருவர் சாமுவேல் பீப்ஸ், நாட்குறிப்பு எழுதியவர். நெருப்பு நெருங்கியபோது பார்மேசான் சீஸையும் ஒயினையும் குழி தோண்டிப் புதைத்தாரே, அவரேதான். லண்டன் நெருப்பைப் பற்றி எழுதுகிற எல்லோரும் அந்தச் சீஸை ஒருமுறையாவது தோண்டி எடுக்கிறார்கள். நீங்கள் கட்டுப்பாடாக இருங்கள். முடியவில்லையென்றால், சீஸுக்குத் தோண்டும்போது ஒரு கை தட்டுப்படட்டும். அதோடு அவரை வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள்.

துப்பறிய யார்? போலீஸ் கிடையாது. லண்டன் மாநகரப் போலீஸ் 1829இல்தான் வருகிறது. முறைவைத்துக் கான்ஸ்டபிள் வேலை பார்க்கும் கடைக்காரரும், லாந்தரோடு நடக்கும் இரவுக் காவலரும்தான் சட்டம் ஒழுங்கு. நம் துப்பறியும் நாவல்களின் சங்கர்லால் மாதிரி ஒருவரை உட்காரவைத்துத் தேநீர் கொடுக்கலாமென்றால், தேயிலை அங்கே பணக்காரச் சரக்கு. காப்பி கிடைக்கும். ஆனால் 1652இல் ஊரின் முதல் காப்பிக் கடை திறந்த சந்தும் எரிந்துபோயிற்று.

என் ஓட்டு ஒரு கிழவிக்கு. சாவு விழுந்த வீட்டுக்குப் போய், பிணத்தைப் பார்த்து, என்ன நோய் என்று சொல்வதற்கென்றே ஒவ்வொரு திருச்சபை வட்டாரமும் ஏழைக் கிழவிகளை வைத்திருந்தது. பிணத்துக்கு இவ்வளவு என்று சில்லறைக் காசு கூலி. முந்தைய வருஷம்தான் பிளேக், 1665. அந்த ஒரு வருஷத்தில் அவர்கள் பார்த்த பிணங்களை எந்த டாக்டரும் பார்த்திருக்க மாட்டார். படிப்பில்லை, மரியாதை இல்லை, சொன்னதை யாரும் நம்புவதும் இல்லை. துப்பறிபவருக்கு வேறென்ன தகுதி வேண்டும்?

அவள் வாயில் நவீன அறிவைத் திணிக்காதீர்கள். உயிரோடு எரிந்தவனின் வாயிலும் மூக்கிலும் சாம்பல் இருக்கும், செத்தபின் எரித்தவனுக்கு இராது என்று சீனாவில் சோங் ட்ஸி 1247லேயே எழுதிவிட்டார்; அது லண்டன் கிழவிக்கு வந்துசேர வழியில்லை. வேண்டுமானால் அவளே கண்டுபிடிக்கட்டும். கொலைகாரன் தொட்டால் பிணத்தில் ரத்தம் கசியும் என்பது அந்த ஊர் நம்பிக்கை. வெந்த பிணத்தில் ரத்தத்துக்கு எங்கே போவது?

சாட்சிகள் விஷயத்தில் பலரும் கோட்டை விடுவது நேரத்தில். "சரியாகப் பத்து பதினேழுக்கு அவரைப் பார்த்தேன்" என்று எவனாவது சொன்னால் அவனையே கைது செய்யுங்கள். கைக்கடியாரமோ வராத காலம். சட்டைப்பைக் கடிகாரத்துக்கும் பொதுவாக ஒரே முள். ஊருக்கு மணி சொன்னவை தேவாலயங்கள். அவைதான் எரிந்தன, மணிகளும் உருகின. அந்த மாதம் லண்டனுக்குள் யாருக்கும் மணி தெரியாது. தேதியும் சிக்கல்தான். இங்கிலாந்துக் காலண்டர் பிரான்ஸைவிடப் பத்து நாள் பின்தங்கியிருந்தது. பாரீஸிலிருந்து வந்த கடிதத்தின் தேதியை வைத்துக்கொண்டு ஒரு கொலைகாரனை மூன்று அத்தியாயம் தப்பவிடலாம்.

கொலைக்குக் காரணம் இன்ஷூரன்ஸ் பணம் என்று எழுதிவிட்டால் மானம் போய்விடும். நெருப்புக் காப்பீடே இந்த நெருப்புக்குப் பிறகு, 1680 வாக்கில் நிக்கோலஸ் பார்பன் தொடங்கியதுதான். அதைவிட நல்ல காரணம் இருக்கிறது: வாடகை. குத்தகைப் பத்திரப்படி, வீடு எரிந்தாலும் குடியிருந்தவர் வாடகை கொடுக்க வேண்டும். பல பத்திரங்களில் வீட்டைத் திரும்பக் கட்டித்தரவும் வேண்டும். சாம்பலுக்கு வாடகை! இந்தச் சண்டைகளுக்கென்றே நெருப்பு நீதிமன்றம் என்று ஒன்றை அமைத்து, 1667இல் கிளிஃபோர்ட்ஸ் இன் என்ற இடத்தில் நீதிபதிகள் உட்கார்ந்து தீர்ப்புச் சொன்னார்கள். அதே வருஷம் ராபர்ட் ஹூக் முதலான அளவர்கள் மனை மனையாக முளையடித்தார்கள். இரவோடிரவாக முளையை ஓரடி நகர்த்தியவன், அதைப் பார்த்துவிட்ட பக்கத்து மனைக்காரன். வரப்புத் தகராறில் அரிவாள் தூக்குகிற ஊர்க்காரர்களான நமக்கு இதற்கு மேல் விளக்க வேண்டியதில்லை.

சந்தேகத்துக்குரியவர்களை நீங்கள் தேடவே வேண்டாம், கூட்டமே பிடித்துக் கொடுத்துவிடும். டச்சுக்காரர்களோடும் பிரான்ஸோடும் போர் நடந்துகொண்டிருந்தது. அந்நிய உச்சரிப்பே போதுமான ஆதாரம். தெருவில் சும்மா போன பிரெஞ்சுக்காரரை ஒரு கொல்லர் இரும்புக் கம்பியால் அடித்து வீழ்த்தியதை வில்லியம் டாஸ்வெல் என்ற பள்ளிச் சிறுவன் பார்த்தான். இன்னொருவரைக் கிட்டத்தட்டக் கூறுபோட்டுவிட்டார்கள், பெட்டியில் நெருப்புக் குண்டுகள் வைத்திருந்தாராம். அவை டென்னிஸ் பந்துகள்.

கடைசி அத்தியாயத்துக்கு ராபர்ட் ஹூபேரைக் கொண்டுவாருங்கள். ரூவான் ஊர்க் கடிகாரக்காரரின் மகன், உடல் ஊனம் உள்ளவன். நெருப்பை நானே வைத்தேன் என்றான். முதலில் சொன்ன இடம் வெஸ்ட்மின்ஸ்டர். நெருப்பு அந்தப் பக்கமே போகவில்லை என்று தெரிந்ததும் அது தொடங்கிய புட்டிங் லேன் பேக்கரிக்கு மாற்றிக்கொண்டான். ஜன்னல் வழியாகக் குண்டு வைத்தானாம். பேக்கரியில் ஜன்னலே இல்லை. குற்றப்பத்திரத்தில் கையெழுத்திட்டவர்களில் பேக்கரிக்காரர் தாமஸ் ஃபாரினரும் அவர் குடும்பத்தாரும் உண்டு. அவர்கள் அடுப்பை யாரும் கேள்வி கேட்கவில்லை. தலைமை நீதிபதியே மன்னரிடம் இவன் பேச்சை நம்பவில்லை என்றார். அக்டோபர் கடைசியில் டைபர்னில் தூக்கிலிட்டார்கள். நெருப்பு பற்றி இரண்டு நாள் கழித்துத்தான் அவன் லண்டனில் கால்வைத்தான் என்று கப்பல் கேப்டன் சொன்னது அப்புறம்.

எடிட்டர் இந்த அத்தியாயத்தை வெட்டச் சொல்வார். ஜன்னல் இல்லாத கடையில் ஜன்னல் வழியாக, ஊரிலேயே இல்லாதவன். எந்த வாசகர் நம்புவார் என்பார். ஜூரி நம்பியது என்று சொல்லிப் பாருங்கள்.