சாய்வெழுத்தின் கௌரவம்

1501ஆம் ஆண்டில் வெனிஸ் நகரத்து அச்சகர் ஆல்டஸ் மனூட்டியஸ், எழுத்துச் சிற்பி கிரிஃபோ வெட்டிய சாய்வெழுத்தில் இலத்தீன் கவி வர்ஜிலின் காவியங்களை அச்சேற்றிய காலத்தில், அவ்வெழுத்து பண்டிதர் கையெழுத்தின் நளினத்தைத் தாங்கிய, நேரெழுத்தைச் சாய்த்துப் பெறாத தனி வம்சமாக விளங்கிற்று. 1957இல் சுவிட்சர்லாந்தின் அட்ரியன் ஃப்ரூட்டிகர் யூனிவர்ஸ் என்னும் எழுத்துக் குடும்பத்தைப் படைத்தபோதோ, நுனிக் குஞ்சம் (செரிஃப்) களைந்த நேரெழுத்தையே 16 பாகை சாய்த்து, 55 என்ற நேரெழுத்துக்கு அடுத்த பிள்ளையாக 56 என்று எண்ணிட்டு, ‘ஆப்ளிக்’ (சாய்ந்தது) என்ற பட்டமும் சூட்டிவிட்டார். பின்வந்த பதிப்பொன்றில் அந்தச் சாய்வும் 12 பாகையாகக் குறைந்தது.

நேரெழுத்தை வெறுமனே ஒருபக்கம் தள்ளிச் சாய்த்துவிட்டால் அதன் வட்டங்கள் ஒரு மூலையில் வீங்கி மறுமூலையில் மெலியும். ஆதலால் ஒவ்வொரு வளைவையும் கண்ணுக்குப் பொருந்தத் திருத்தி, ‘ஒன்றுமே செய்யவில்லை’ என்ற தோற்றத்தை உண்டாக்குவதற்கே சிற்பியின் சிரமமெல்லாம் செலவாகிறது. இவ்வளவு பிரயாசையின் பலனாக, நூற்பெயர்களையும் அந்நியச் சொற்களையும் தனித்துக் காட்ட வேண்டிய அவ்வெழுத்து, அடக்கத்தின் மிகுதியால் வாசகர் கண்ணில் படாமலே போய்விடுவதும் உண்டு. விளம்பரக்காரர்களுக்கு இந்தச் சங்கோசம் கிடையாது; நகராத சரக்கு எதுவாயினும், அதன் பெயரை வலப்புறம் சாய்த்து எழுதிவிட்டால் அது காற்றாய்ப் பறக்கும் என்பது அவர்களுடைய சித்தாந்தம்.